ஆடி அசைந்து வரும் கோச்சி

மலையகத்தில் ரயிலுக்குப் பேர் கோச்சி. அதன் வேகத்தைப் பற்றி யாரும் மரியாதையாகப் பேசுவதில்லை. கொழும்பிலிருந்து பதுளைக்குச் சுமார் 290 கிலோமீற்றர். பகல் ரயில்கள் அதற்கு ஒன்பது மணித்தியாலத்துக்கு மேல் எடுத்துக்கொள்கின்றன. இறங்கி ஒரு வாய் தேத்தண்ணி குடித்துவிட்டு ஓடிப்போய் ஏறிக்கொள்ளலாம் என்ற கேலி தோட்டத்துக்குத் தோட்டம் உண்டு. கேலியோடு நின்றால் பரவாயில்லை. "கேட் விழுந்தாலும் கோச்சி வர நேரம் கிடக்கு" என்ற நம்பிக்கையும் அதோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. சைக்கிளோட்டப் போட்டியில் முன்னால் போகிறவனைத் துரத்துபவனுக்கு அந்த நம்பிக்கை வேதவாக்கு.

அது பொய்.

மணிக்கு 30 கிலோமீற்றரில் வரும் ரயில் ஒரு வினாடியில் எட்டு மீற்றருக்கு மேல் நகர்கிறது. மலைப்பாதையின் கடுமையான வளைவுகளின் ஆரம் ஐந்து சங்கிலி, அதாவது ஏறக்குறைய 100 மீற்றர். ஒரு பக்கம் வெட்டிய மண்மேடு, மறுபக்கம் தேயிலைச் சரிவு. இப்படியோர் இடத்தில் 60 மீற்றருக்கு அப்பால் ரயில் கண்ணில் பட்டால், அது வந்து சேர ஏழு வினாடி. அந்த ஏழு வினாடிக்குள் சைக்கிளைச் சாய்த்து, தடைக்கம்பத்துக்கடியில் குனிந்து நுழைந்து, வழுக்கும் பந்தயச் சப்பாத்தோடு இரண்டு தண்டவாளங்களைத் தாண்டவேண்டும். நானுஓயாப் பக்கம் மூடுபனி இறங்கிவிட்டால் ஏழும் கிடையாது. சாரதியையும் நம்ப முடியாது. 44 அடிக்கு ஓர் அடி இறங்கும் சரிவில், நனைந்த இரும்பின்மேல் இரும்புச் சக்கரம் நினைத்த இடத்தில் நின்றுவிடாது.

ரயிலே வராவிட்டாலும் தண்டவாளம் சும்மா விடுவதில்லை. பந்தய டயரின் அகலம் 25 முதல் 28 மில்லிமீற்றர். தண்டவாளத்தை ஒட்டி, ரயில் சக்கரத்தின் விளிம்புக்காக விட்டிருக்கும் பள்ளம் அதைவிட அகலம். வீதி சாய்வாகக் கடக்கும் இடத்தில் முன்சக்கரம் அதில் இறங்கினால் மீதியை வைத்தியசாலையில்தான் பேசவேண்டும்.

இந்த நம்பிக்கைக்கு உரம் போடுவது வீரக்கதைகள். 1919 பிளாண்டர்ஸ் சுற்று சைக்கிளோட்டத்தில் வழியை மறித்த ரயிலின் பெட்டிக்குள் சைக்கிளோடு ஏறி, மறுபக்கம் இறங்கிப் போய் ஆன்றி வான்லெர்பெர்க் வென்றார் என்ற கதை இன்றும் சொல்லப்படுகிறது. ரசிக்கத்தக்க கதைதான். ஆனால் அவர் ஏறியது நின்றுகொண்டிருந்த ரயிலில். கதையைத் திருப்பிச் சொல்பவர்கள் அந்தச் சொல்லை எப்படியோ விழுங்கிவிடுகிறார்கள்.

2006 பாரிஸ்–ரூபே போட்டியில் ஹோஸ்ட், வான் பெட்டெகெம், குசெவ் மூவரும் மூடிய கடவையைத் தாண்டினார்கள். இரண்டாம், மூன்றாம், நான்காம் இடங்களில் வந்தார்கள். மூவரையும் நடுவர்கள் நீக்கினார்கள். கடவையில் காத்து நின்ற டொம் பூனனுக்கு இரண்டாம் இடம். 2015இல் அதே போட்டியில் பலர் தாண்டிப்போக, கொஞ்ச நேரத்திலேயே அதிவேக ரயில் கடந்தது. பிரெஞ்சு ரயில்வே புகார் கொடுத்தும் எவரும் நீக்கப்படவில்லை. நடுவர்களின் அந்தப் பெருந்தன்மை கேடாகவே முடிந்தது. 2018இல் பெல்ஜியத்தின் ஸ்கெல்டெபிரைஸ் போட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இதே தவறைச் செய்து வெளியேற்றப்பட்டார்கள்.

கேட் மூடினால் உழைத்தது வீண் என்ற புலம்பலுக்கும் சர்வதேச விதியில் பதில் இருக்கிறது. முப்பது வினாடிக்கு மேல் முன்னிலையில் இருப்பவர் கடவையில் மாட்டி, பின்னால் வந்த கூட்டம் அவரைப் பிடித்துவிட்டால், போட்டியை நிறுத்தி, பழைய இடைவெளியோடு மறுபடி தொடங்கவேண்டும். முப்பதுக்குக் குறைவென்றால் டயர் வெடித்ததுபோல அதுவும் ஒரு சம்பவம்.

ரயிலோடு பந்தயம் கட்டினால் என்ன ஆகும் என்பதை அறிய இலங்கையர் ஐரோப்பாவுக்குப் போகவேண்டியதில்லை. 2005 ஏப்ரல் 27, பொல்காவெலைக்கு அருகே யங்கல்மோதர. இன்னொரு பஸ்ஸை முந்தும் வெறியில், மூடிய கடவைக்குள் ஒரு பஸ் நுழைந்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள்.

"போட்டி நாளில் ரயிலை நிறுத்தி வைத்தால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. ரம்புக்கணைக்கு மேலே இருப்பது ஒற்றைப் பாதை. ஹட்டனில் ஒரு ரயிலைப் பிடித்து வைத்தால், எதிரே வருவது தலவாக்கலையிலோ கொட்டகலையிலோ வழிபார்த்து நிற்கும். அதிலிருப்பவர்கள் எவரும் போட்டிக்குப் பேர் கொடுத்தவர்கள் அல்லர்.

தண்டவாளத்து ஓரமாகவே வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடந்து பழகிய தோட்டத்து ஆட்கள் நேரத்தை நம்புவதில்லை. அட்டவணையில் இல்லாத தனி எஞ்சினும், பாதை பார்க்கும் ட்ரொலியும் வரும் என்று அவர்களுக்குத் தெரியும். தடைக்கம்பமே இல்லாத கடவைகளும் நாட்டில் ஏராளம். அங்கே 'கேட் மூடியிருந்தால் தாண்டாதே' என்ற விதி எழுத்தில் மட்டும் இருக்கும். போட்டி நடத்துபவர்கள்தான் கயிறும் ஆளும் கொண்டுபோக வேண்டும். கயிறு பிடிப்பவர் கையில் ரயில் அட்டவணை இருந்து பயனில்லை. பக்கத்து நிலைய அதிபரோடு பேச ஒரு தொலைபேசி இருக்கட்டும். கோச்சி எப்படியும் பிந்தித்தான் வரும்.