யாருக்கு யார் அச்சுறுத்தல்?

மும்பையின் நிர்மாணக் கலைஞர் ஷில்பா குப்தா 2008-09இல் ஒரு சுவர் அடுக்கினார். செங்கல்லால் அல்ல, குளிக்கிற சோப்பால். ஒவ்வொரு கட்டியிலும் 'அச்சுறுத்தல்' என்று ஆங்கிலத்தில் ஒரே சொல். பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொன்று வீட்டுக்கு எடுத்துப் போகலாம். தேய்க்கத் தேய்க்கச் சொல் கரையும். எடுக்க எடுக்கச் சுவர் குறையும். அதற்கு முன்பு, 2007இல், 'இதில் வெடிபொருள் இல்லை' என்று எழுதிய பைகளைக் கொடுத்து, தெருவில் தூக்கிக்கொண்டு நடக்கச் சொன்னார்.

சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்கார வேலைதான். துப்பாக்கியைக் காட்டாமலே பயம் எப்படி உற்பத்தியாகிறது என்று காட்டிவிடுகிறார். எங்கே குண்டு வெடித்தாலும் தாடியும் தொப்பியும் வைத்தவரையே உற்றுப் பார்க்கிற கண்களுக்கு இந்தச் சூடு தேவை.

நம் சண்டை வேறு. பையைத் தூக்கி நடந்தவர் அதை இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். சந்தேகம் அவருக்கு ஒரு நாள் அனுபவம். சேரியில் பிறந்தவனுக்கு அந்த எழுத்து பையில் இல்லை, உடம்பில். அதை எந்தச் சோப்பு போட்டுத் தேய்ப்பது? ஏன்யா, கழுவுதல் என்றதும் இந்த நாட்டில் முதலில் நினைவுக்கு வரவேண்டியது எது? தீட்டு. நம் நிழல் பட்டதற்கே தலைமுழுகியவர்கள், விமான நிலையச் சோதனை வருவதற்கு எத்தனையோ தலைமுறை முன்னாலேயே நம்மை அச்சுறுத்தல் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஆனால் கலை விமர்சகர்கள் இந்தச் சோப்பை மோந்து பார்த்தால் பெரும்பாலும் தீவிரவாதம் மணக்கிறது, தேச எல்லை மணக்கிறது. சாதி மட்டும் மணப்பதில்லை. மூக்கடைப்பு போலிருக்கிறது!

சுவரைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் மதுரை மாவட்டம் உத்தப்புரத்துக்கு வாருங்கள். 1989 சாதிக் கலவரத்துக்குப் பிறகு எழுப்பிய சுவர். 'எங்க பாதுகாப்புக்குத்தான் கட்டினோம்' என்றார்கள் சாதி இந்துக்கள். அதன் மேல் மின்கம்பி ஓடியது 2008இல் வெளியே தெரிந்தது. அந்த ஆண்டு மே 6 அன்று, போலீஸ் காவலோடு அரசு ஒரு பகுதியை இடித்துப் பாதை விட்டது. அவர்கள் ஊரைக் காலி செய்து மலையடிவாரத்தில் போய் உட்கார்ந்தார்கள். தலித்துகள் நடந்துபோக ஒரு வழி கிடைத்ததே அவர்களுக்கு அச்சுறுத்தல்! ஆயுதம் யார் கையில் இருந்தது என்று அந்த மின்கம்பியைக் கேட்டால் சொல்லும்.

'எல்லோருக்கும் எல்லோர் மேலும் பயம்' என்று கலை பொதுப்படையாகப் பேசும்போது, முத்திரை குத்துகிற கை தப்பித்துக்கொள்கிறது. குப்தாவின் சோப்பில் குத்தியவன் பெயர் இல்லை. உத்தப்புரத்தில் இடிபட்டது ஒரு பகுதிதான். மிச்சச் சுவரை ஆளுக்கொரு கல்லாக எடுத்துப் போங்கள் என்று அங்கே யாரும் கூப்பிடவில்லை.