கணிதத்தில் மீண்டும் மீண்டும் தவறுவோர்

தமிழ் பயிலும் ஒருவர் கணிதத்தைப் பற்றி எழுதப் புகுதல் நண்பர் சிலர்க்கு நகைப்பை விளைவிக்கலாம். எண்ணுக்கு அஞ்சியே எழுத்தைச் சரண் புகுந்தோம் என்பது எம் வகுப்பினரைக் குறித்து விடுதியில் வழங்கும் பரிகாசம். அஃது எவ்வாறாயினும், அச்சம் இன்னதென அறிந்தோர் அஞ்சுவோர் பொருட்டுப் பேசலாம் என்னும் துணிவினால் இதனை எழுதுகின்றேன்.

ஐக்கிய அமெரிக்க நாட்டிலே சமுதாயக் கல்லூரிகள் எனப்படும் ஈராண்டுக் கலாசாலைகள் ஏறக்குறைய ஆயிரம் உள. 1901-ஆம் ஆண்டில் இல்லினாய் மாகாணத்து ஜோலியட் நகரில் தோன்றிய கலாசாலை இவ்வகையில் மிகப் பழையது. பகலில் தொழில் செய்து மாலையிற் பயில்வோரும், கைக்குழந்தையுடைய தாய்மாரும், தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிப்போரும் குறைந்த செலவிற் கற்கும் இடங்கள் இவை. இங்கே சேர வருவோர்க்கு நெடுங்காலமாக ஒரு நுழைவுச் சோதனை நடத்தப்பட்டு வந்தது. அதிற் குறைந்தோர் எண்கணிதம், தொடக்க இயற்கணிதம், இடைநிலை இயற்கணிதம் எனப் படிப்படியாக அமைந்த ஆயத்த வகுப்புகளில் நிறுத்தப்பட்டனர். அவ்வகுப்புகளுக்குச் சம்பளம் உண்டு; பட்டத்திற்குரிய மதிப்போ இல்லை.

இதன் பயன் யாதாயிற்று? ஆயத்தக் கணிதத்திற்கு அனுப்பப்பட்டோருள் நூற்றுக்கு 33 பேரே அவ்வரிசை முழுவதையும் முடித்தனர் என்றும், மூன்று படி கீழே நிறுத்தப்பட்டோருள் 17 பேரே முடித்தனர் என்றும் 2010-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. பரீட்சையிற் தவறியோர் மாத்திரம் நின்றாரல்லர்; ஒரு படியில் தேறியும் அடுத்த படிக்கு வாராமலே நின்றவர் பலர். வழி நீண்டதனால் வழிப்போக்கர் சோர்ந்தனர்.

தவறியவரை அதே வகுப்பில் அதே முறையில் மீண்டும் இருத்துதல் உதவியன்று என்பது என் கருத்து. பொருந்தாத திறவுகோலைப் பன்முறை திருப்பினும் பூட்டுத் திறவாது. 2013-இல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூன்று சமுதாயக் கல்லூரிகளில் ஒரு பரிசோதனை நிகழ்ந்தது. தொடக்க இயற்கணிதம் வேண்டும் எனக் குறிக்கப்பட்ட 907 மாணாக்கரைக் குலுக்கல் முறையில் மூன்று பிரிவாக்கினர். ஒரு பிரிவார் அவ்வியற்கணித ஆயத்த வகுப்பிலும், ஒரு பிரிவார் வாரந்தோறும் துணைப் பயிற்சியோடு கூடிய அதே வகுப்பிலும், எஞ்சியோர் துணைப் பயிற்சியோடு கல்லூரித் தரமுள்ள புள்ளியியலிலும் அமர்ந்தனர். தேறினோர் முறையே நூற்றுக்கு 39, 45, 56 பேர். மேற்படியில் நிறுத்தி அருகிருந்து உதவியபொழுதே மிகுதியானோர் தேறினர்! கலிபோர்னியா மாகாணத்திலும் 2017-இல் ஒரு சட்டம் இயற்றி, ஓராண்டிற்குள் கல்லூரித் தரக் கணிதத்தை முடிக்கத்தக்க வாய்ப்பை மாணாக்கர்க்கு இயன்றவரை மிகுவிக்குமாறு கலாசாலைகளைப் பணித்தனர்.

இது தரத்தைக் குறைப்பதாகும் என்பர் சிலர். பொறியியல் கற்பவர்க்கு இயற்கணிதம் இன்றியமையாதது. அதனை யான் மறுக்கவில்லை. ஆயின், நோயாளரைப் பேணக் கற்பவர்க்கு விகிதமும் புள்ளியியலுமே நாடோறும் வேண்டுவன. அவை எளியன அல்ல. அவர் தொழிலுக்கு உரியன.

எனினும் வாயிலை அகலத் திறத்தல் மாத்திரம் போதாது. நேரே மேல்வகுப்பிற் சேர்ந்தும் இருமுறை மும்முறை தவறுவோர் உளர். அவர்க்கு வேண்டுவது மனிதத் துணை. 1970-களில் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் யூரி திரைஸ்மன் என்பார், நுண்கணிதத்திற் தவறிய கறுப்பின மாணாக்கரை ஆராய்ந்தார். அவர்கள் சோம்பரல்லர், ஊக்கத்தோடு உழைத்தும் தனித்தே படித்தனர். நன்கு தேறிய சீன வமிசத்து மாணாக்கரோ கூடியிருந்து படித்து, ஒருவர் பிழையை மற்றவர் திருத்தினர். இதனைக் கண்ட அவர், இரங்கி எளிய கணக்குகளைக் கொடாது, கடினமான கணக்குகளைக் குழுவாக ஆராயும் பயிற்சிக் கூட்டங்களை அமைத்தார், நற்பயனும் கண்டார்.

வறுமையும் கணிதத்தின் பகையே. நியூயார்க்கிலே 2007-இல் தொடங்கிய ஒரு திட்டம் மாணாக்கர்க்குச் சம்பளக் குறைவை நிரப்பி, பாடநூலும் பயணச் சீட்டும் அளித்து, அடிக்கடி கண்டு பேசும் ஆலோசகரையும் நியமித்தது. மூன்றாண்டிற் பட்டம் பெற்றோர், திட்டத்திற் சேராதோருள் நூற்றுக்கு 22, சேர்ந்தோருள் 40.

ஆகவே, தவறியவரை நோக்கி, "நீ ஏன் தவறினாய்?" என வினவுமுன், "நாம் யாது மாற்றினோம்?" எனத் தம்மையே வினவுதல் ஆசிரியர் கடன். மாணாக்கராகிய நமக்கும் ஒரு கடன் உண்டு. இருமுறை தவறிய தோழர் கடைசி வரிசையிலே நாணித் தனித்திருப்பாராயின், நம் பலகையில் அவர்க்கு இடம் விட்டு, ஒரு கணக்கையேனும் அவரோடு சேர்ந்து செய்வோமாக.