கடலில் கிழித்த கோடு

கணவனும் மனைவியும் கடற்கரை உல்லாச விடுதி ஒன்றில் ஒரு பகற்பொழுதைக் கழித்து மீண்டால், நம்மவரிடையே இருவகைப் பேச்சு எழுகின்றது. “மார்க்கப் பற்றுள்ள குடும்பத்துக்கு இது தகுமா?” என்று ஒரு சாரார் முகஞ்சுளிப்பர். “முஸ்லிம் நாட்டில்தானே போய் வந்தார்கள், அங்கே என்ன தீங்கு நேர்ந்துவிடும்?” என்று மறுசாரார் சமாதானம் கூறுவர். இரு சாராரும் தவறினர் என்பதே நம் துணிபு. முன்னவர் குற்றமில்லாத இடத்தில் குற்றம் காண்கின்றனர். பின்னவரோ குற்றம் குடியிருக்கும் இடத்தையே கவனிக்கத் தவறுகின்றனர்.

முதற் சாராரிடம் ஒன்று வினவுவோம். கணவன் மனைவியிடையே அன்பையும் கருணையும் அமைத்ததைத் தன் அத்தாட்சிகளில் ஒன்றாக அல்லாஹ் எண்ணிக் காட்டவில்லையா? பயணமொன்றில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஓட்டப் பந்தயம் ஓடியதை அபூதாவூத் பதிவு செய்துள்ளார். அபிசீனியர் பள்ளிவாசலில் ஈட்டி விளையாடியபோது, அன்னையார் சலிக்கும்வரை பார்த்திருக்கப் பெருமானார் உடன்நின்றதைப் புகாரியில் காண்கின்றோம். மனைவி மக்களோடு மகிழ்ந்திருக்கையில் உள்ளம் மறுமையை மறக்கின்றதே, நாம் நயவஞ்சகராகிவிட்டோமோ என அஞ்சி வந்த ஹன்ழலா (ரலி) அவர்களுக்கு, அதற்கும் ஒரு நேரம், இதற்கும் ஒரு நேரம் என்று விடை கிடைத்தது. ஆதலின் தம்பதியர் கடற்காற்று வாங்குவதும், மணலில் அமர்ந்து பேசுவதும், ஒழுக்கம் பேணி நீராடுவதும் ஆகுமானவையே. அதைத் தடுக்க நமக்கு யாதோர் உரிமையுமில்லை.

இனி மறுசாராருக்கு வருவோம். “முஸ்லிம் நாடு” என்று அவர்கள் ஆறுதல் கொள்ளும் இடங்களுள் மாலத்தீவையே எடுத்துக்கொள்வோம். அதன் 2008ஆம் ஆண்டு அரசியல் சாசனம், முஸ்லிமல்லாதவர் குடிமகனாக இயலாது என விதிக்கின்றது. மக்கள் வாழும் தீவுகளில் மது விற்பனை இல்லை. ஆயின் 1972இல் மாலேக்கு அருகே ‘குரும்பா’ என்னும் முதல் உல்லாசத் தீவு திறக்கப்பட்டது முதல் வேறொரு சட்டமும் உடன் வளர்ந்து வந்துள்ளது. (திவேஹி மொழியில் குரும்பா என்றால் இளநீர்க்காய். நம் குரும்பையின் உறவுச்சொல்.) இன்று நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட உல்லாசத் தீவுகள் உள்ளன. அங்கே மதுவுக்கு உரிமம் உண்டு, அரைகுறை ஆடைக்கும் தடையில்லை.

அண்மைக் காலத்தில் மக்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் இல்லங்கள் தோன்றிவிட்டன. மாஃபுஷி போன்ற தீவுகளில் அயலார் நீராடக் கடற்கரையின் ஒரு பகுதியை மறைப்புக் கட்டி ஒதுக்கியுள்ளனர். கரையில் மது கூடாதென்பதால், கரைக்கு அப்பால் நங்கூரமிட்ட படகில் அது விற்கப்படுகின்றது. ஹராமை ஹலாலிலிருந்து பிரிப்பது இப்போது சில நூறு முழத் தண்ணீர்தான் போலும்!

இப்படிப்பட்ட நாட்டில், தலைநகர் நெரிசலிலிருந்து ஒருநாள் விடுதலை வேண்டி, கட்டணம் செலுத்தி உல்லாசத் தீவுக்குச் செல்லும் முஸ்லிம் தம்பதியரின் நிலை யாது? தலைமுதல் கால்வரை மறைத்த உடையோடு நீரில் இறங்கும் அப்பெண், தன் நாட்டுக் கடலில் தானே வேற்றாளாகின்றாள். பக்கத்து மேசையில் மதுக்கிண்ணம். எங்கு திரும்பினும் பார்வையைத் தாழ்த்த வேண்டிய காட்சி. அவர்கள் தேடிச் சென்றது ஆகுமான மகிழ்ச்சி. நாடு அவர்களுக்கு விற்றதோ பிறர்க்கெனச் சமைத்த பந்தியின் ஓர் ஓரம். ஏச்சுக்குரியவர் அத்தம்பதியரா, அப்பந்தியை விரித்தவரா?

“வேளாண்மைக்கு நிலமில்லாத நாடு. மீனும் சுற்றுலாவுமே வாழ்வாதாரம்” என்பர். உண்மையே. 2024இல் மட்டும் இருபது லட்சத்துக்கும் அதிகமான பயணிகள் அங்கு வந்தனர். பிற சமயத்தவர் தம் வழக்கப்படி உண்பதையும் உடுப்பதையும் கண்காணிக்க வேண்டும் என நாமும் கூறவில்லை. ஆயினும் நிர்ப்பந்தத்தின் பெயரால் பெறும் சலுகை அந்நிர்ப்பந்தத்தின் அளவைத் தாண்டலாகாது என்பது ஃபிக்ஹு கற்ற எவரும் அறிந்த விதி. கடற்கரைகளையெல்லாம் விடுதிகளுக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டுச் சொந்தக் குடிமகனின் குடும்பம் கண்ணியமாக நீராட ஒரு துறையைப் போதிய அளவில் ஒதுக்காதது எந்த நிர்ப்பந்தத்தில் அடங்கும்?

இப்பிணி ஒரு நாட்டோடு நிற்கவில்லை. 2025 ஜூன் மாதம் சிரியாவின் சுற்றுலா அமைச்சகம், பொதுக் கடற்கரைகளில் பெண்கள் உடலை மறைக்கும் நீச்சலுடை அணிய வேண்டுமென அறிவித்தது. உயர்தர நட்சத்திர விடுதிகளுக்கும் தனியார் கடற்கரைகளுக்கும் மட்டும் விலக்கு! கற்பும் நாணமும் ஏழைக்குக் கட்டளை, செல்வருக்கு விருப்பமா? மக்ஸூம் குலத்துப் பெண் திருடியபோது அவளுக்காகப் பரிந்து பேசப்பட்டது. உயர்ந்தவர் திருடினால் விட்டுவிடுவதும் எளியவர் திருடினால் தண்டிப்பதுமே முன்னோரை அழித்தது என்று பெருமானார் (ஸல்) அன்று எச்சரித்தார்கள். அந்த எச்சரிக்கை விடுதி வாயிலில் நின்றுவிடுமா?

இவ்வாறு கூறுவதால் தடியெடுத்துத் திருத்துக என நாம் சொல்வதாக எவரும் கொள்ள வேண்டா. 1343இல் மாலத்தீவை அடைந்து அங்குக் காழியாக அமர்ந்தவர் இப்னு பதூதா. பின்னர் இலங்கை வழியாக நம் மதுரைக்கும் வந்தவர் அவரே. அத்தீவுப் பெண்கள் மேலாடையின்றி நடமாடுவதை நிறுத்த முயன்றும் தம்மால் இயலவில்லை, தம் நீதிமன்றத்துக்கு வருவோரை மட்டுமே மறைத்துவரச் செய்ய முடிந்தது என்று தம் பயண நூலில் ஒப்புக்கொள்கின்றார். காழியின் அதிகாரத்தால் ஆகாதது வசைமொழியால் ஆகுமா?

ஆவது வேறொன்று. துருக்கியின் திதிம் நகரில் 1996இல் மதுவின்றி, பெண்களுக்குத் தனித்துறையுடன் ஒரு விடுதி திறக்கப்பட்டு, பிறர்க்கும் வழிகாட்டிற்று. அதுவும் செல்வர்க்குரிய நட்சத்திர விடுதியே என்பது குறை. ஆயினும், வழி இல்லை என்போருக்கு அது மறுப்பு. சாமானியக் குடும்பமும் செல்லத்தக்க துறைகளை அமைப்பது முஸ்லிம் அரசுகளின் கடன். அதைக் கேட்டு வற்புறுத்துவது ஆலிம்களின் கடன். மனைவியைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்ற எளியவனை மிம்பரில் நின்று இடித்துரைப்பது சுலபம். கடற்கரையை விற்றவனிடம் கணக்குக் கேட்பதே கடினம். நம் உலமாப் பெருமக்கள் கடினமானதை மேற்கொள்வார்களாக!