பாடம் நடத்துகிறவன் தொழிலாளி இல்லையா?

சாயல்குடிப் பக்கத்தில் பனையேறியும் கரிமூட்டம் போட்டும் பிள்ளையைப் பட்டதாரியாக்கிய குடும்பங்கள் உண்டு. ஊரில் அவனுக்கு வேலை ஏது? மதுரைக்கோ சென்னைக்கோ பஸ் ஏறுகிறான். பகலில் பயிற்சி நிலையத்தில் பாடம் நடத்துவது, இரவில் மேற்படிப்பு. நல்ல கணக்குத்தான், முதலாளி விட்டால்!

பல இடங்களில் நியமன உத்தரவே கிடையாது. மணிக்கு இவ்வளவு என்று கூலி. வகுப்பில்லாத மாதம் பட்டினி. மாணவர் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வாங்கத் தெரிந்த சர்க்காருக்கு, இவன் சம்பளம் மட்டும் கண்ணில் படவில்லை.

பஞ்சாலைத் தோழரே, உம்மை வேலைநீக்கம் செய்தால் சங்கத்தோடு லேபர் ஆபீசுக்குப் போகிறீர். இவன் எங்கே போவான்? தொழில் தகராறுச் சட்டப்படி ஆசிரியர் 'தொழிலாளி' அல்ல என்று 1988இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது பள்ளி ஆசிரியை ஒருவரின் வழக்கு. ஆனால் பயிற்சி நிலைய முதலாளிக்கும் அதுவே கேடயம். எட்டு மணி நேரம் கரும்பலகை முன் நின்றவனின் வீங்கிய காலைப் பார்த்தவர் அப்படிச் சொல்வாரா?

ஊரிலுள்ள தகப்பன்மாரே, மகனுக்கு 'வாத்தியார் வேலை' என்று பூரிப்பதோடு நிற்காதீர். உத்தரவு கொடுத்தார்களா, பி.எப். பிடிக்கிறார்களா என்று கேளும். நம் சங்கங்களும் மில் கேட்டோடு நில்லாமல் அந்த நிலையங்களின் வாசலுக்குப் போகவேண்டும். இரவு ஒன்பது மணிக்குப் போகலாம். அப்போதுதான் அவனை வெளியே விடுகிறார்கள்.