ஆர்கன் முன் அமர்ந்தவர்

மார்ட்டின் லூதர் கிங்கைப் பற்றிப் பேசும்போது போதகரான அப்பாவைத் தவறாமல் சொல்கிறோம்; அம்மா ஆல்பர்ட்டாவை விட்டுவிடுகிறோம். இது நியாயமில்லை.

அட்லாண்டாவின் எபனேசர் பாப்டிஸ்ட் சபையில் முதலில் அவர் போதகரின் மகள். பிறகு அடுத்த போதகரின் மனைவி. ஆசிரியப் பயிற்சி முடித்திருந்தார். ஆனால் மணமான பெண்களை அந்நகரப் பள்ளிகள் வேலையில் வைத்துக்கொள்ளாத காலம் அது. 1926இல் கல்யாணம் ஆனது. வகுப்பறைக் கனவு போயிற்று. சபையில் பாடகர் குழுவை உருவாக்கினார், ஆர்கன் வாசித்தார். போதகரின் பிரசங்கத்தை மட்டும் எழுதிவைக்கும் வரலாற்றுக்கு இதெல்லாம் கண்ணில் படுவதில்லை.

1968இல் மூத்த மகன் சுட்டுக் கொல்லப்பட்டார். மறு ஆண்டே இளைய மகன் நீச்சல் குளத்தில் பிணமாகக் கிடந்தார். தகப்பனில்லாத பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டியாக இருந்தபடியே ஆல்பர்ட்டா ஆர்கனுக்குத் திரும்பினார்.

1974 ஜூன் 30, ஞாயிறு ஆராதனை. வாசித்துக்கொண்டிருந்தவரை 23 வயது இளைஞன் ஒருவன் சுட்டுக் கொன்றான். அவனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. மரண தண்டனையே கூடாது என்றது கிங் குடும்பம். பின்னாளில் அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது.