வீணைக்கு ஒரு நியாயம், கிடாருக்கு ஒரு நியாயமா?

கிடார் பிரசன்னா பேரை எடுத்தாலே நம்மாளுங்க மூணு கோஷ்டியாப் பிரிஞ்சிடறாங்க. சபா கோஷ்டி: "இது சத்தம்." ராக் கோஷ்டி: "இது கச்சேரி." மூணாவது கோஷ்டி: "ஐஐடி மெட்ராஸ்ல படிச்சவராமே!" நானும் இஞ்சினியர்தான் சாமி. டிகிரியை வச்சுத் தந்தி மீட்ட முடியாது.

2006-ல அவர் போட்ட 'எலக்ட்ரிக் கணேஷா லேண்ட்' ஆல்பத்தை முழுசாக் கேட்டுட்டுப் பேசுங்க மக்கா. ஜிமி ஹெண்ட்ரிக்ஸோட 'எலக்ட்ரிக் லேடிலேண்ட்' (1968) ஆல்பத்துக்கு வச்ச கும்பிடு அந்தப் பேரு. ஆனா காப்பி இல்ல. உறுமுற எலக்ட்ரிக் கிடார் கூடவே நம்ம தாள வாத்தியங்களும் சரிக்குச் சரி மல்லுக்கு நிக்குது. ஒரு பாட்டோட பேரு 'டார்க் சண்டே இன் ட்ரிப்ளிகேன்'!

"கிடார்ல ஃப்ரெட் இருக்கு, கமகம் வராது"ன்னு ஜல்லியடிக்கிறவங்களுக்கு ஒரு கேள்வி. வீணையில 24 மெட்டு இருக்கே, அதுல தந்தியை இழுத்துத்தானே கமகம் வருது? ஹெண்ட்ரிக்ஸ் இழுத்ததும் தந்தியைத்தான். வயலினும் வெள்ளைக்காரன் கொண்டு வந்ததுதான். பாலுஸ்வாமி தீட்சிதர் அதை எடுத்து வாசிச்சு 200 வருஷம் ஆச்சு. இன்னிக்கு வயலின் இல்லாத வாய்ப்பாட்டுக் கச்சேரி எத்தனை?

எங்க காட்டேரிக்குப்பத்துல திருவிழாத் தவிலையும் மெட்டாலிகாவையும் நான் ஒரே காதாலதான் கேட்டேன். காது ஜாதகம் பார்க்கல.

இங்க கிடார் எடுக்கிற பசங்களுக்கு நாம காட்டுற ஒரே வழி சினிமா. சொந்தமா ஆல்பம் போடறவரையும் ரெண்டு பக்கமும் நின்னு விரட்டினா, அடுத்து எவன்யா வருவான்?