எண்ணிப் பார்க்கக் கற்பிப்போம்



மனித உயிரணுவில் 46 குரோமோசோம்கள் உள்ளன என்பது இன்று இடைநிலைப்பள்ளி மாணவரும் அறிந்த செய்தி. ஆனால், 1923 முதல் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அறிஞர்கள் 48 என்றே நம்பினர். நுண்ணோக்கியில் பார்த்தவர்கள்கூடத் தாம் முன்பே படித்திருந்த எண்ணையே அங்குக் கண்டனர்.

1956இல் இதைத் திருத்தியவர்கள் ஜாவாத் தீவில் பிறந்த ஜோ ஹின் ஜியோவும் சுவீடனைச் சேர்ந்த ஆல்பர்ட் லெவானும் ஆவர். இருவருமே தாவரக் குரோமோசோம்களை ஆய்ந்து கைதேர்ந்தவர்கள் என்பது இங்குக் கருதத்தக்கது.

தாவர ஆய்வு அத்தகைய பொறுமையைப் பழக்குகிறது. வெங்காய வேர்நுனியைப் பதப்படுத்தி, மென்மையாக்கி, சாயமேற்றி, கண்ணாடித் தகடுகளுக்கு இடையே மெல்ல நசுக்க வேண்டும். அப்போது பிரிந்துகொண்டிருக்கும் உயிரணுக்களில் 16 குரோமோசோம்கள் தெரியும். அவை ஒன்றன்மேல் ஒன்று படியாதிருக்கக் கோல்சிசின் என்னும் பொருள் உதவுகிறது. நம் செங்காந்தளிலும் அது உண்டு. எண்ணினால் மட்டும் போதாது. ஒவ்வொன்றின் நீளத்தையும் அதன் இரு கைகளின் அளவையும் அளந்தால்தான் எது எதற்கு இணை என்று கூற முடியும். சாதாரண ஒளி நுண்ணோக்கி ஏறத்தாழ 0.2 மைக்ரோமீட்டருக்கும் நெருக்கமான இரு புள்ளிகளைப் பிரித்துக் காட்டாது. அந்த எல்லையைக் கடந்த நுண்ணோக்கியியலுக்கு 2014இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. எனினும், கருவி எவ்வளவு உயர்ந்தாலும் கண்டதைக் கண்டவாறே எழுதும் நேர்மையை அது தராது.

‘தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இவையெல்லாம் எதற்கு?’ என வினவலாம். குரோமோசோம் அவர்களுக்கு வேண்டியதில்லை. அந்தப் பழக்கம் வேண்டும். நம் நாட்டில் யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டது. ஆயினும், அறிவியல் பயிற்றியில் ‘சரியான விடையை’ கரும்பலகையிலிருந்து பெயர்த்தெழுதச் செய்யும் வழக்கம் நம்மைவிட்டு அகலவில்லை. பச்சைப்பயற்றின் வேரை மாணவர் நாள்தோறும் அளக்கட்டும். ஒருவர் 3 சென்டிமீட்டர் என்றும், மற்றவர் 4 என்றும் எழுதினால் உடனே அழித்துத் திருத்த வேண்டா. இருவரையும் மீண்டும் அளக்கச் சொல்வோம். பெற்றோர்களும் பயிற்றியில் சிவப்பு மை இல்லையே என்று மகிழ்வதைவிட, ‘இதை நீயே அளந்தாயா?’ என்று கேட்பது நன்று.

தமிழில் எண்ணுதல் என்றால் கணக்கிடுதல், சிந்தித்தலும் அதுவே. முதலாவதைப் பிறரிடமிருந்து பெயர்த்தெழுதும் பிள்ளை இரண்டாவதை எவ்வாறு கற்கும்?